கேட்டால் வந்துவிடுவான்

கயிற்றின் ஒரு நுனி அந்தோணியின் கையில் இருந்தது. மறுநுனி படகில் இருந்தது. படகுக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் விடவில்லை.

தூத்துக்குடிப் படகுத்துறையில் காலை வெயில் அப்போதே முதுகைச் சுட்டது. கொழும்புக் கப்பல் கரையை ஒட்டி வராது. அங்கே ஆழம் போதாது. தூரத்தில் நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும். மூட்டை முடிச்சுடன் ஜனங்கள் படகில் போய்த்தான் அதில் ஏற வேண்டும். அந்தப் படகில் என் சிநேகிதி சிலுவை உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு, மடியில் தகரப் பெட்டி. பக்கத்தில் அவள் புருஷன் சவேரி நின்றார். கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தோணி அவளுடைய தம்பி.

ஒரு கயிற்றை விட இவ்வளவு நேரமா என்று சுற்றி நின்றவர்களுக்கு எரிச்சல். எனக்குக் காரணம் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். நடுவில் வேறு கதைகள் குறுக்கே வரும். வந்தால் வரட்டும். சிலுவையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

உப்பு பாருங்க

நாசரேத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்திருந்தேன். யுத்தம் முடிந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். ரேஷன் கடை வரிசைக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. பிள்ளைகள் சிலேட்டின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடும். எழுப்பினால் அழாது. அழவும் தெம்பு வேண்டுமே.

ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நிவாரணக் கமிட்டி ஒன்று வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். கஞ்சி காய்ச்ச வந்தவள் சிலுவை. மேற்பார்வை நான். மேற்பார்வை என்றால் வேறொன்றுமில்லை. அவள் கிண்டுவாள், நான் பக்கத்தில் நின்று புகையில் கண்ணைக் கசக்குவேன்.

அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பிள்ளை இல்லை. கருத்த, உயரமான பெண். சிரிப்பு வந்தால் அகப்பையைக் கீழே வைக்காமல் முழங்கையால் வாயை மூடிக்கொள்வாள். கஞ்சி கொதித்ததும் ஒரு சொட்டை எடுத்து ஊதி என் உள்ளங்கையில் விடுவாள்.

"டீச்சர், உப்பு பாருங்க."

"ஏன், நீ பார்த்தால் ஆகாதா?"

"நான் கடக்கரைக்காரி. எனக்கு எதுலயும் உப்பு காணாது. நீங்கதான் கருப்பட்டி ஊருக்காரங்க, உங்க நாக்குதான் நாக்கு."

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ஆனாலும் அடுப்பில் எதையாவது இறக்கும்போது உள்ளங்கை தானாக நீளுகிறது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே வார்த்தைதான் சொல்வோம்: தேடுது. அவளைத் தேடுகிறது எனக்கு. இத்தனை வருஷத்திலும் அது குறையவில்லை.

எதனால் ஏழை?

கமிட்டி கூடும்போதெல்லாம் இந்தக் கேள்விதான். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். கமிட்டியில் இருந்த டாக்டர், குடிதான் காரணம் என்றார். உப்பளம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், திருவிழா என்றார். மாதா கோயில் கொடியேறினால் கையில் இருப்பதையெல்லாம் விட்டுவிடுகிறார்களாம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அந்தக் கல்யாணச் செலவு வாய் வரை வந்தது, பந்தியில் சாப்பிட்ட வாய் என்று அடக்கிக்கொண்டேன்.

தலைவரான வக்கீல் ஐயா மட்டும் உண்மையாகவே யோசித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வண்டி கட்டிக் கொற்கைக்குக் கூட்டிப்போனார். பாண்டியன் காலத்து முத்துத் துறைமுகம் என்று படித்ததை வைத்து நான் கடலைத் தேடினேன். நெல் வயல்தான் இருந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கடல் எங்கே என்று கேட்டால் கிழக்கே கையைக் காட்டிச் சிரித்தார்கள்.

"பார்த்தீர்களா டீச்சர், கடல் போனது. ஊர் உழவைக் கற்றுக்கொண்டது. நம் கடற்கரையும் வேறு தொழில் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார்.

கொற்கைக்குக் கடல் எத்தனையோ தலைமுறை அவகாசம் கொடுத்துத்தான் போனது. இவர்களுக்கு யார் அவ்வளவு அவகாசம் கொடுக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்கள் மலடாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. இந்த வருஷம் முத்துக்குளிப்பு உண்டு, அடுத்த வருஷம் கட்டாயம் உண்டு என்று ஒவ்வொரு பனிக்காலத்திலும் பேச்சு கிளம்பும். சித்திரை வெயிலில் அடங்கிவிடும். மிஞ்சியது சங்குக்குளிப்பு. அதுவும் வருஷத்தில் சில மாதம்தான். மற்ற மாதங்களில் ஆண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. ஊருக்கு வெளியே இருந்த பஞ்சு மில்லில் பேசி, வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை வாங்கித் தருவது. நல்ல முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

யாரை எடுப்பது? இங்கேதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"முங்கிச் சங்கெடுக்கவன் தொழில் தெரிஞ்சவன். அவனுக்கு எதுக்கு வேல? வள்ளத்துல ஒருத்தன் கயித்தப் புடிச்சிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கானே, அவனத் தூக்கி மில்லுல போடுவோம். கயிறு புடிக்க யாரு கெடச்சா என்ன?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கயிறு பிடிப்பதில் அதற்குமேல் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

மச்சான் தயவு

மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்று நாம் விளையாட்டாகச் சொல்கிறோம். சங்குக்குளிப்பவர்களுக்கு அது விளையாட்டில்லை.

குளிப்பவர் இடுப்பில் கயிறு. காலில் கல். கல் அவரைக் கீழே கொண்டுபோகும். அடியில் மூச்சு இருக்கும் மட்டும் துழாவுவார். மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே வள்ளத்தில் இருப்பவர் அந்தக் கணமே இழுக்க வேண்டும். கொட்டாவி விட்டால்கூடப் போச்சு. அந்தக் கயிற்றைப் பிடிப்பது பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன்தான். அண்ணன் தம்பி பிடிப்பதில்லை. சொத்துக்கு ஆசைப்பட்டு அண்ணன் தம்பி கண்ணயர்ந்துவிடலாம். தன் அக்காள் தாலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் அயர மாட்டான். அதுதான் அவர்கள் கணக்கு.

இதையெல்லாம் கஞ்சி கிண்டிக்கொண்டே எனக்குச் சொன்னவள் சிலுவை.

"ஒரு சுண்டுன்னா இழு. ரெண்டு சுண்டுனா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது சுண்ட மூச்சு எங்க இருக்கு? ஒண்ணுதான்."

"சரி, விடு என்று சொல்ல என்ன சைகை?"

அவள் முழங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "கீழ கெடக்கவன் எதுக்கு டீச்சர் விடுன்னு சொல்லுதான்? அதுக்குச் சைகையே கெடையாது."

அந்தோணி சிறு பிள்ளையாக வள்ளம் ஏறிய நாளிலிருந்து சவேரியின் கயிற்றைத்தான் பிடித்திருக்கிறான். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வானாம். அந்த இடத்தில் முடி முளைக்காமல் ஒரு பட்டை இருந்தது. வாட்ச் கட்டினவன் மாதிரி. கமிட்டி அவனைத்தான் மில்லுக்கு எடுத்தது.

இரண்டு அடுப்பு, ஒரு வாசல்

சிலுவையும் அந்தோணியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நடுவில் ஓலைத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் சிலுவையும் சவேரியும். அந்தப் பக்கம் அந்தோணி, அவன் பெண்டாட்டி மரியாள், ஒரு கைக்குழந்தை. அடுப்பு இரண்டு, வாசல் ஒன்று. வீட்டுக்கு ஒருவர் என்றால் அந்த வாசலுக்கு அந்தோணி ஒருவன்தான்.

அவன் மில்லுக்குப் போன சில வாரத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை அது அழுதால் பூனைக்குட்டி கத்துவது போல இருக்கும். இப்போது தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. கன்னம் உப்பியது. தலையில் எண்ணெய் மினுங்கியது. மரியாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு காரணமே இல்லாமல் தெருவில் மேலும் கீழும் நடப்பாள். பார்க்கட்டும் என்றுதான்.

அந்தோணி தலையெல்லாம் பஞ்சோடு என்னிடம் வந்து பெருமை அடிப்பான். "கயித்த விட்டுட்டு நூலப் புடிச்சிருக்கேன் டீச்சர். அறுந்தா முடிச்சுப் போடணும், அவ்வளவுதான். யாரும் சாவ மாட்டாங்க."

கார்த்திகை மழை ஓய்ந்து கடல் தெளிந்தது. சங்குக்குளிப்புத் தொடங்கியது. மில்லுக்குப் போன மற்றவர்களின் வீட்டில் இரண்டாவது மச்சான், மூன்றாவது மச்சான் என்று கயிறு பிடிக்க யாராவது இருந்தார்கள். சிலுவைக்குக் கூடப் பிறந்தது அந்தோணி ஒருவன்தான்.

சவேரி போகத்தான் செய்தார். கயிறு பிடிக்கத் தெருவில் நல்ல ஆள் ஒருவர் கிடைத்தார்; கைதேர்ந்தவர். வள்ளம் பாருக்குப் போனது. சவேரி கல்லில் கால் வைத்து இறங்கினார். இறங்கின வேகத்தில் சுண்டினார். மறுபடி இறங்கினார், மறுபடி சுண்டினார். வெறும் கையோடு சாயங்காலம் வந்து சேர்ந்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் போகவில்லை.

அவர் பேசுவதே அபூர்வம். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். "கீழ மூச்சு நிக்க மாட்டேங்கு டீச்சர். மேல இருக்கது யாருன்னு மனசு பாத்துக்கிட்டே கெடக்கு. மனசு அலஞ்சா மூச்சு எப்படி நிக்கும்?"

காது வலி

நான் வக்கீல் ஐயாவிடம் போனேன். முழுவதையும் கேட்டார். அண்ணாச்சியும் பக்கத்தில் இருந்தார், "மச்சான்தான் புடிக்கணுமா? அட!" என்று அவர் முகம் தொங்கிப்போனது. வக்கீல் ஐயா அன்றைக்கே மில்லுக்குப் போய், சீசன் முடியும் வரை அந்தோணிக்கு லீவு கேட்டார். மாதக்கணக்கில் லீவு போடுகிறவனை வைத்து மில் ஓட்ட முடியாது, வாசலில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள், வேண்டுமானால் அவன் வேலையை விட்டு நின்றுகொள்ளட்டும் என்று பதில் வந்தது. சவேரிக்கு ஒரு வேலை? வீட்டுக்கு ஒருவர் என்பதை இந்த ஒரு வாசலுக்காக மாற்றினால் தெரு முழுக்கத் தட்டியைக் காட்டி இரண்டு வீடு என்று கேட்கும். அதுவும் சரிதான்.

எல்லார் மேலும் கோபம் வந்தது எனக்கு. ஆனால் ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவன் ஒருத்தன் கிடைத்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் சிலுவையிடம் கேட்டேன். "ஏளா, அந்தோணியிடமே சொல்லிவிடேன்?"

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "சொன்னா?"

"சொன்னால் வருவான்."

"கேட்டா வந்துருவான். இப்பவே மில்லுச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வந்துருவான். அதான் டீச்சர் கேக்கல."

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "அந்தப் பிள்ள அழுவுத அழுவயக் கேட்டீங்களா? தட்டிக்கு அங்கிட்டுப் படுத்துக் கேக்கேன். எம்புட்டுத் தெம்பா அழுவுது. அத நிப்பாட்டச் சொல்லுதீங்களா?"

அவள் கஞ்சியை ஊதி என் கையில் விட்டாள். அன்றைக்கு உப்பு கரித்தது. சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

தம்பியிடம் அவள் வேறு விதமாகச் சொல்லிவிட்டாள். சவேரிக்குக் காது சீழ் பிடித்துவிட்டது, இனிமேல் கடலில் முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அத்தனையும் பொய். குளிப்பவர்களுக்குக் காது கெடுவது சகஜம், அந்தோணி நம்பினான். அவன் கொண்டுவந்த அரிசியைத் தட்டிக்கு இந்தப் பக்கம் தள்ளுவான். சவேரி தொட மாட்டார். மச்சினன் சோற்றில் உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். போய்விடுவது என்று முடிவானது.

எனக்கு எதிரிலேயே சிலுவை புருஷனிடம் வாக்கு வாங்கினாள். "அவன்ட்ட நீரு வாயத் தொறக்கக் கூடாது. கப்ப ஏறுத வரைக்கும் தொறக்கக் கூடாது. மாதா மேல சத்தியம்."

சவேரி கடலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

போவதற்கு முந்தின நாளும் அவள் வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, "இனி யாரு டீச்சர் உங்களுக்கு உப்பு பாக்கக் குடுப்பா?" என்றாள். போகாதே சிலுவை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன? இருந்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு மனசு இருந்தது, இருக்க வைக்க வழி இல்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தோணி மில்லில்தான் கடைசி வரை இருந்தான். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து நர்ஸ் வேலைக்குப் படித்தாள். எனக்கு ஒருமுறை ஊசி போட்டிருக்கிறாள், வலிக்கவே இல்லை. சவேரியையும் சிலுவையையும் கொழும்பில் பார்த்ததாக வருகிறவர்கள் சில வருஷம் சொன்னார்கள். அப்புறம் அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை. வறுமையை ஒழிக்கிறோம் என்று எந்தக் கூட்டத்தில் யார் பேசினாலும் நான் கை தட்டுகிறேன், அந்த நர்ஸை நினைத்துக்கொண்டு. தட்டி முடித்ததும் சிலுவையைத் தேடுகிறது.

விட்ட கயிறு

படகுத்துறைக்குத் திரும்புகிறேன்.

மில்லுக்குப் போகிற வழியில் அக்காளை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று அந்தோணி வந்திருந்தான். காக்கி நிக்கர், தலையில் நேற்றைய பஞ்சு. மச்சானுக்குக் காதில் விட ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய் காய்ச்சி வாங்கி வந்திருந்தான். சவேரி அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

படகு நிறைந்தது. "கயித்த அவுத்துப் போடுங்கப்பா" என்று படகுக்காரர் பொதுவாகக் குரல் கொடுத்தார். அந்தோணிதான் பக்கத்தில் நின்றான். குனிந்து கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். பழக்க தோஷம், மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். படகில் கயிற்றைச் சுருட்ட வந்த ஆளிடமிருந்து சவேரி அதை வாங்கினார். கடல்காரர் கை சும்மா இருக்காது.

படகு விலகியது. கயிறு தண்ணீரை விட்டு எழுந்து, சொட்டச் சொட்ட விறைத்து நின்றது. சவேரி கரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு சுண்டு சுண்டினார்.

அந்தோணியின் கை இழுத்தது. அவன் யோசிக்கவே இல்லை. அடியில் மூச்சு முட்டியவரைத் தூக்குவது போல முழு பலத்தோடு இழுத்தான். படகு கரைப் பக்கம் திரும்பியது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அதற்குப் பிறகுதான், இனிக் கடலே வேண்டாம் என்று போகிறவர் ஏன் இழு என்று சுண்டினார் என்பது அவனுக்கு விளங்கியது. முகம் வெளுத்துப்போனது.

"மச்சான், காது...?" என்றான். "காதால இல்லையா மச்சான்? எனக்காவயா போறீங்க?"

சவேரி வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை.

"ஏலே, விடுலே! கப்பல் போயிரும்லே!" என்று படகுக்காரர்கள் கத்தினார்கள். அந்தோணி இன்னும் ஒரு கை இழுத்தான். படகு இன்னும் கொஞ்சம் வந்தது. எனக்கும் ஆசைதான். இழு அந்தோணி, இன்னும் இழு என்று நெஞ்சுக்குள் நானும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

சிலுவை தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். முக்காடு நழுவிவிட்டது. தம்பியை நேராகப் பார்த்தாள்.

"அந்தோணி. மில்லுக்கு நேரமாவுது. விடுலே."

அவன் தலையை ஆட்டினான், மாட்டேன் என்று.

"பிள்ள அழுவும்லே. விடு."

மணிக்கட்டில் இருந்த சுற்றை அவிழ்க்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது. நுனி தண்ணீரில் விழுந்தது. சவேரி அதை இழுத்துச் சுருட்டிப் படகின் தரையில் வைத்தார். சிலுவை போய் அந்த ஈரச் சுருளின் மேல் உட்கார்ந்துகொண்டாள். படகு கப்பலைச் சேருகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.